திரையின் வலப்பக்கம் கடல்

நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருடமாகிறது. போன மாதம் என்னோடு வேலை செய்த ரேவதி தொலைபேசி எடுத்து, அலுவலகத்தின் பழைய கொம்பியூட்டர்களுக்கும் ஓய்வு கொடுக்கப் போகிறார்கள் என்றாள். அந்தப் பழைய சிஸ்டத்துக்கு இனி எந்தத் திருத்தமும் வராதாம், புதுப் பெட்டிகள் வந்து இறங்கியாயிற்றாம். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் பழசைத் திட்டித் தீர்க்கிறார்களாம். அதைப் பற்றி நீங்கள் இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் அக்கா என்று கேட்டாள். உடனே ஓம் என்றேன். அந்தச் சிஸ்டத்தைத் திட்டுவதற்கு என்னைவிட உரிமையுள்ள ஆள் இந்தத் திருகோணமலையில் கிடையாது. அதன் பக்கம் நின்று கதைப்பதற்கும் என்னை விட்டால் ஆளில்லை.

நான் தட்டெழுத்தாளராகச் சேர்ந்தவள். அன்புவழிபுரத்திலிருந்து சைக்கிளில் துறைமுகப் பக்கத்து மீன்பிடி அலுவலகத்துக்கு வருவேன். படகுகளைப் பதிவது, கடலுக்குப் போக அனுமதி கொடுப்பது, போன படகு திரும்பிவிட்டதா என்று பார்ப்பது, இவைதான் எங்கள் வேலை. ஒரு நாள் தட்டச்சு இயந்திரத்தை எடுத்துவிட்டு அந்த மேசையில் கொம்பியூட்டரை வைத்தார்கள். கொழும்பில் ஆறு நாள் பயிற்சி. ஆறாம் நாள் சான்றிதழ் தந்தார்கள், ஏழாம் நாள் முழு அலுவலகத்தின் கொம்பியூட்டர் பெட்டிகளையும் என் தலையில் கட்டினார்கள். மற்றதெல்லாம் நானாகக் கற்றது. உப்புக் காற்றில் பெட்டிக்குள் இருக்கிற தகடுகள் கறுத்துப்போகும். அதைக் கழற்றி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாவிக்கிற அழிறப்பரால் தேய்த்துப் போட்டால் பெட்டி மறுபடி உயிர் பெறும். இதை எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை.

திட்டுவதை முதலில் திட்டி முடித்துவிடுகிறேன். பிரிண்டர் பச்சை விளக்கைப் போட்டுக்கொண்டு கண்ணுக்கு முன்னால் குந்தியிருக்கும். திரையோ அப்படி ஒரு சாமானே இல்லையென்று சத்தியம் பண்ணும். மூன்று மொழி போட்டு வைத்திருந்தோம். கை தவறி இரண்டு விசை சேர்ந்து அமர்ந்தால், தமிழில் தொடங்கிய கடிதம் நடுவரியில் சிங்களமாகிவிடும். பென்டிரைவைக் கழற்ற விடாது, யாரோ பாவிக்கிறார்கள் என்னும். யார் என்று கேட்டால் வாய் திறக்காது. திகதியில் மாதத்தை முன்னுக்குப் போடுகிற பழக்கம் வேறு. அதனால் ஒரு கிண்ணியாக்காரருடைய அனுமதிப்பத்திரம் ஏழு மாதம் முந்தியே காலாவதியானது. அவர் என்னோடு கதைத்த கதையை இங்கே எழுத ஏலாது.

எல்லாவற்றுக்கும் மேலே அப்டேட். நாள் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு, வீட்டுக்குப் போக மூடும்போதுதான் அதற்கு ஞானம் பிறக்கும். அப்டேட் நடக்கிறது, கொம்பியூட்டரை நிற்பாட்ட வேண்டாம் என்று எழுதிக் காட்டும். எங்கள் அலுவலக உதவியாளர் காசிம் நானாவுக்கோ வேறு கணக்கு. அவர் மூதூர்க்காரர். மின்னலுக்குப் பயந்து, நாலேகால் அடித்தால் மெயின் சுவிச்சை இறக்கிவிட்டுத்தான் கதவைப் பூட்டுவார். மழையோ வெயிலோ, ஒரு நாளும் தவறியதில்லை. அவர் பின்னேரம் அதன் கழுத்தை நெரிப்பார். அது காலையில் எழும்பி, பாதியில் நின்ற வேலையைத் தானே பிரித்து எடுத்து வைத்துவிட்டு, பழையபடி திறக்கும். இப்படி எத்தனை நாள்! அதன் பொறுமையை நான் அப்போதே மெச்சியிருக்கிறேன். புதுசு சரியாக அமரும்வரை பழசை எறியாமல் பக்கத்தில் வைத்திருக்கிற குணம் மனிதர்களிடமே குறைவு.

இனி ரேவதி. படகுப் பதிவு அவளுடைய வேலை. கடதாசிக் கோப்புகள் எல்லாவற்றையும் ஸ்கான் பண்ணி அவளுடைய பெட்டியில் ஏற்றியிருந்தோம். மூலப் பிரதிகளைக் கட்டி, வேறு மாவட்டத்திலிருந்த ஒரு களஞ்சியத்துக்கு அனுப்பியாயிற்று. அந்தக் கோப்புகளை ரேவதி கோப்புறைகளில் அடுக்கவில்லை. கொட்டியாரக் குடாவும் கரையும் தெரிகிற வரைபடம் ஒன்றைத் திரையின் பின்னணியாகப் போட்டாள். அதன்மேல் ஒவ்வொரு படகின் கோப்பையும் அந்தப் படகு கட்டுகிற இடத்திலேயே வைத்தாள். மேலே சாம்பல்தீவு, நடுவில் பட்டினம், கீழே கிண்ணியா, மூதூர். திரையின் வலப்பக்கம் கடல். ஒரு படகு அனுமதி எடுத்துப் போனால், அதன் கோப்பை மவுசால் பிடித்து வலப்பக்கம் இழுத்துவிடுவாள். வந்துவிட்டால் கரைக்கு இழுப்பாள். காலையில் வந்து திரையைப் பார்த்த மாத்திரத்தில், எத்தனை படகு வெளியே நிற்கிறது, எது நாள் கடந்து நிற்கிறது என்று சொல்லிவிடுவாள்.

இப்படிச் செய்யக்கூடாது என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை தோறும் நான் பிரதி எடுப்பது பொதுக் கோப்புறையை மட்டுந்தான், திரையில் கிடப்பதை அல்ல. அதைச் சொல்லி அவளைத் தடுக்க வேண்டியவள் நான். ஆனால் அந்தத் திரையைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. தடுக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்குக் கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. இருபத்தாறு நாளாகச் செய்தி இல்லாமல் போயிருந்த சாம்பல்தீவுக்காரருடைய பலநாள் படகு, இயந்திரம் பழுதாகி நீரோட்டத்தில் இழுபட்டு, கடலுக்கு அந்தப் பக்கத்து நாடொன்றில் பிடிபட்டிருந்தது. நாலு பேரும் உயிரோடு இருந்தார்கள். ஆனால் படகின் இலக்கம் வெயிலிலும் அலையிலும் அழிந்துவிட்டதால், கடத்தல் படகு என்று சந்தேகப்பட்டு வழக்கு வைத்துவிட்டார்கள். அன்று எங்கள் நேரம் பகல் பன்னிரண்டுக்கு நீதிமன்றத்தில் எடுக்கிறார்கள். படகின் படமும் இயந்திர இலக்கமும் ஓட்டியின் கையொப்பமும் உள்ள பதிவுத் தாள் அதற்குள் கிடைத்தால் விடுதலை கேட்கலாம். கிடைக்காவிட்டால் அடுத்த தவணை நாலு மாதம் கழித்து. தலைமை அலுவலகத்தில் இருந்தது வெறும் பெயர்ப்பட்டியல். தாள் எங்களிடம் மட்டுந்தான்.

ரேவதியின் பெட்டி எட்டேகாலிலிருந்து அப்டேட்டில் நின்றது. இருபத்தேழு சதவீதம். முதல் நாள் பின்னேரம் காசிம் நானா மெயினை இறக்கியபோது பாதியில் அறுந்தது இம்முறை லேசில் எழும்பவில்லை.

அந்தப் படகின் ஓட்டி தவராசாவின் மனைவி சுகந்தி ஒன்பது மணிக்கெல்லாம் வந்துவிட்டாள். அவளுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. கதிரை கொடுத்தோம், இருக்கவில்லை. ரேவதியின் தோளுக்குப் பின்னால் நின்று திரையையே பார்த்தாள்.

எங்கள் மேலதிகாரி கணேசமூர்த்தி சேரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஏதும் பிழைத்தால் அவர் உங்களைத் தன் அறைக்குக் கூப்பிட மாட்டார். தன் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து, உங்கள் மேசைக்குப் பக்கத்தில் போட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். சத்தம் போட மாட்டார். யார் செய்தது என்று வேலை முடியும்வரை கேட்கவும் மாட்டார். வேலை முடிந்த பிறகு கேட்பார், அப்போது தப்ப ஏலாது. அன்றும் கதிரையோடு வந்தார்.

"இப்ப என்ன தெரியும்?" என்றார்.

கோப்பு இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது, பெட்டி திறக்கவில்லை, என்னிடம் பிரதி இல்லை, அது என் பிழை என்று சொன்னேன்.

"பிழையைப் பிறகு பாப்பம். இப்ப என்ன செய்யப் போறீங்கள்?"

"காத்திருக்கப் போறன், சேர்."

அதற்குள் அலுவலகமே கூடிவிட்டது. ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்கள் என்றார் ஒருவர். வயரைப் பிடுங்கிவிட்டுக் கொழுவுங்கள் என்றார் இன்னொருவர். எங்கள் ஆட்களுக்குக் கொம்பியூட்டருக்கென்று தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். நான் பொத்தானைக் கையால் மூடிக்கொண்டு, ஒருவரும் கிட்ட வரக்கூடாது என்றேன். பெட்டியின் முன்பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு உண்டு. உள்ளே டிஸ்க் வேலை செய்தால் அது மினுங்கும். திரையில் காட்டுகிற சதவீதத்தை நான் ஒரு நாளும் நம்பியதில்லை. இருபத்தேழில் ஒரு மணித்தியாலம் நிற்கும், பிறகு நாலு நிமிடத்தில் நூறாகும். விளக்கைப் பார்க்க வேண்டும். விளக்கு மினுங்குகிறவரைக்கும் அது உள்ளே ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறது. எழுதும்போது பொத்தானை அமத்தினால் எல்லாம் போச்சு. ஒழுங்கில்லாமல், விட்டு விட்டு மினுங்கினால் நல்லது. ஒரே சீராக மினுங்கினால் ஒரே இடத்தில் சுற்றுகிறது என்று அர்த்தம். அன்று விட்டு விட்டு மினுங்கியது. பத்து மணிக்கும் மினுங்கியது. சேர் ஒருமுறை மணிக்கூட்டைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்த மனிதர் சொல்லாமல் இருந்த ஒவ்வொரு நிமிடத்துக்கும் நான் இன்றைக்கும் நன்றி உடையவள்.

பத்து நாற்பதுக்கு விளக்கு அணைந்தது. திரையில் அதே இருபத்தேழு. பெட்டியில் காதை வைத்துக் கேட்டேன், காற்றாடியின் சத்தத்தைத் தவிர வேறு ஒன்றுமில்லை. இருபது நிமிடம் பார்ப்பேன் என்று சேரிடம் சொன்னேன். இருபது நிமிடமும் அது ஒருமுறைகூட மினுங்கவில்லை. பதினொரு மணி. எனக்குப் பயம் பிடித்துவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது. இத்தனை வருடமும் மற்றவர்களைத் தொடவிடாத பொத்தானில் என் விரல் போனது.

சுகந்தி அப்போதுதான் முதல்முறை வாய் திறந்தாள். "அக்கா, அதை அமத்தினா எல்லாம் அழிஞ்சு போகுமோ?"

அவளுக்குப் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "போகலாம். ஆனா அமத்தாட்டி பன்ரெண்டு மணி போயிடும்."

அவள் சீலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அப்ப அமத்துங்கோ" என்றாள்.

அமத்தினேன். திரை கறுத்தது. பத்து வரைக்கும் எண்ணிவிட்டுத் திரும்ப அமத்தினேன். இரண்டு நிமிடம் வெறும் கறுப்பு. பிறகு, மாற்றங்களைத் திரும்ப எடுக்கிறேன் என்று ஒரு வரி வந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான வரியை நான் வாசித்ததில்லை. பதினொன்று இருபத்தைந்துக்கு ரேவதி கடவுச்சொல்லை அடித்தாள். உள்ளே போனது.

உள்ளே ஒன்றுமில்லை. குடா இல்லை, கரை இல்லை, ஒரு படகும் இல்லை. முழுத் திரையும் வெறும் நீலம். மூலையில் குப்பைத்தொட்டிப் படம் மட்டும்.

ரேவதி வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். சுகந்திக்குக் கொம்பியூட்டர் தெரியாது, ஆனால் அழுகை தெரியும். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அழவில்லை. அந்த நீலத்தைக் கண்டதும் எனக்குப் பயம் விட்டுப்போனது. அதை நான் முன்னரும் கண்டிருக்கிறேன். கண்டபடி மெயின் போனால் சிஸ்டம் சிலவேளை உரிமையாளரை மறந்துவிடும். வந்தவரை விருந்தாளி என்று நினைத்து, புதிதாக ஒரு வெறும் அறையைத் திறந்து கொடுக்கும். பழைய அறை பூட்டியபடி அப்படியே இருக்கும். ஒரு சாமானும் வெளியே போயிராது. இது தெரியாமல் எத்தனை பேர் எல்லாம் அழிந்தது என்று தலையிலடித்து, பெட்டியைத் துடைத்துப் புதிதாக ஏற்றி, உண்மையிலேயே அழித்திருக்கிறார்கள்!

"அழாதை. எல்லாம் உள்ளுக்குத்தான் இருக்கு" என்று ரேவதியை எழுப்பிவிட்டு அவளுடைய கதிரையில் நான் இருந்தேன். என்னுடைய கடவுச்சொல்லால் நுழைந்து, டிஸ்க்கைத் திறந்து, பாவிப்பவர்களுடைய கோப்புறைக்குள் போய், அவளுடைய பழைய பெயரைத் திறந்தேன். கோப்புகள் எல்லாம் இருந்தன. ஒன்றும் குறையவில்லை.

ஆனால் எந்தக் கோப்புக்கும் பெயர் இல்லை. ஸ்கான் ஒன்று, ஸ்கான் இரண்டு என்று இயந்திரம் போட்ட இலக்கம் மட்டுந்தான். இடம்தான் அடையாளம், பெயர் எதற்கு என்று ரேவதி ஒன்றுக்கும் பெயர் மாற்றியிருக்கவில்லை. வரைபடத்தில் இருந்தபோது எது யாருடையது என்று அவள் நித்திரையிலும் சொல்லுவாள். வரிசையாக அடுக்கியதும் அவளுக்கே ஒன்றும் விளங்கவில்லை. முந்நூறுக்கு மேல் கோப்புகள். ஒவ்வொன்றாகத் திறக்க, அந்தக் கிழட்டுப் பெட்டிக்கு ஒன்றுக்கு அரை நிமிடம் வேண்டும். மணி பதினொன்று முப்பத்திரண்டு.

அந்தச் சிஸ்டத்தில் யாரும் மதிக்காத ஒரு வசதி உண்டு. கோப்புகளைத் திறக்காமலே, உள்ளே இருக்கிற படத்தைப் பெரிதாக்கி வரிசையாகக் காட்டும். பதிவுத் தாளின் முதல் பக்கத்தில் படகின் படம் இருக்கும். அதை அமத்தினேன். ஒவ்வொரு வரிசையாகப் படகுகள் எழும்பி வரத் தொடங்கின. எல்லாம் நீலமும் வெள்ளையும். எனக்கும் ரேவதிக்கும் எல்லாம் ஒன்றுபோலத்தான். நான் எழும்பி, சுகந்தியைப் பிடித்து என் கதிரையில் இருத்தினேன்.

"நீங்கள் பாருங்கோ. நான் மெதுவா இறக்கிறன்."

அவள் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் பின்னால் நின்று உருட்டினேன். ஐந்து நிமிடம் இருக்கும். சட்டென்று அவள் விரல் கண்ணாடியில் குத்தியது.

"இது. இந்தக் கபின் வாசல்ல தொங்கிறது என்ரை சீலை."

திறந்தேன். தவராசாவின் கையொப்பம் இருந்தது. பதினொன்று நாற்பத்திரண்டுக்குக் கொழும்புக்கு அனுப்பினோம். ஐந்து நிமிடத்தில், கிடைத்தது, அங்கே அனுப்பியாயிற்று என்று பதில் வந்தது. சுகந்தி அந்தப் படத்தை விட்டு அசையவில்லை. அவள் கேட்காமலே ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தேன். பிரிண்டர் அன்றைக்கு மட்டும் ஒரு குறையும் சொல்லவில்லை.

பின்னேரம் செய்தி வந்தது. கடத்தல் வழக்கு தள்ளுபடி, நாலு பேரையும் அனுப்புகிறார்கள்.

அடுத்த நாள் காலை, நான் சொன்ன அந்தக் கேள்வி வந்தது. மெயின் சுவிச் விடயமாகக் காசிம் நானாவிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருந்தார் சேர். நானாவுக்குப் பென்சனுக்கு இரண்டு வருடம் இருந்தது. கடிதத்தோடு என் மேசைக்கு வந்தார். அவர் ஒன்றும் எழுத வேண்டியதில்லை என்று வாங்கி, பதிலை நான் எழுதினேன். பல வருடங்களுக்கு முன்னர் மின்னல் அடித்து இரண்டு பெட்டிகள் எரிந்தபோது, ஒவ்வொரு நாளும் மெயினை இறக்குங்கள், ஒரு நாளும் மறக்காதீர்கள் என்று சொன்னது நான். அவர் மறக்கவில்லை. சொன்னதை நான்தான் மறந்துவிட்டேன். திரை கறுத்த பிறகு இறக்குங்கள் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல எனக்கு நினைவு வரவில்லை. சேர் அதை இரண்டுமுறை வாசித்துவிட்டு, "ஒரு கட்டளை குடுத்தா, அது எப்ப முடியுது எண்டும் சொல்லோணும்" என்றார். அவ்வளவுதான். அதைவிட இரண்டு மணித்தியாலம் ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அன்றே ரேவதியும் நானும் முந்நூறு கோப்புக்கும் பெயர் போட்டோம். வரைபடத்தை எடுக்கச் சொல்லவில்லை. அதையும் சேர்த்துப் பிரதி எடுக்கத் தொடங்கினேன்.

ஐந்து கிழமை கழித்துத் தவராசாவும் சுகந்தியும் அனுமதி புதுப்பிக்க வந்தார்கள். மனிதர் பாதியாக இளைத்திருந்தார். தேத்தண்ணி கொடுத்தோம். நன்றி சொன்னார், ஆனால் முகத்தில் சிரிப்பில்லை. என்ன என்று கேட்டேன்.

"எங்களை அடைச்சு வைச்சிருந்த மண்டபத்தில இன்னொரு போட்காரர் அஞ்சு பேர் இருந்தவை, அக்கா. எங்களைக் கோட்டுக்குக் கூப்பிட்ட அண்டைக்கே அவையையும் கூப்பிட்டவங்கள். அவையின்ரை பேப்பர் வரேல்ல. நாங்கள் வெளிக்கிடேக்க அவை யன்னலுக்குள்ளால பாத்துக்கொண்டு நிண்டவை."

எந்த ஊர் என்று கேட்டேன். தெற்கே, அடுத்த மாவட்டத்துக் கரை. அந்த ஊர் அலுவலகத்துக்கு அங்கேயே வைத்துத் தொலைபேசி எடுத்தேன். பேசிய பிள்ளை பாவம், எத்தனை பேரிடம் இதையே சொன்னாளோ. பதிவெல்லாம் அழிந்துவிட்டது மிஸ், மின்சாரம் போய் வந்த பிறகு திறந்தால் வெறும் நீலமாக இருக்கிறது, நாளைக்குக் காலை ஆள் வந்து எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாக ஏற்றப் போகிறார் என்றாள்.

"தங்கச்சி, அந்தப் பெட்டியை ஒருத்தரும் தொடக்கூடாது. வாறவரை வாசல்ல நிப்பாட்டி வையுங்கோ. நான் வாறன்" என்றேன்.

சேர் ஒரு கேள்வியும் கேட்காமல் லீவுக் கடிதத்தில் கையெழுத்து வைத்தார். தவராசா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். அந்த ஐந்து பேருடைய படகையும் பிடிபட்ட நாட்டுத் துறைமுகத்தில் தங்கள் படகுக்குப் பக்கத்தில்தான் கட்டி வைத்திருந்தார்களாம், கண்டால் தனக்குத் தெரியுமாம். அடுத்த நாள் விடிய முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் ஏறினோம்.

நாங்கள் போகும்போது, துடைக்க வந்தவர் கையில் டிஸ்க்கோடு மேசைக்குப் பக்கத்தில் நின்றார். அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அவர்களுடைய அலுவலரின் கடவுச்சொல்லை வாங்கி, நீலத்துக்குப் பின்னாலிருந்த அறையைத் திறந்து, படங்களைப் பெரிதாக்கினேன். அங்கேயும் கோப்புகளுக்கு வெறும் இலக்கந்தான். தவராசா குனிந்தார். ஒவ்வொரு படகாகப் பார்த்தார். மூன்றாவது வரிசையில் ஒரு பச்சைப் படகின்மேல் விரலை வைத்தார்.

"இதை அனுப்புங்கோ, அக்கா," என்றார். "இதில அஞ்சு பேர் இருக்கினம்."